மூன்றாவது கொட்டகைக்கு ஓர் இடம்

புளித்த பால் நாற்றம் உனக்கு ஆகவே ஆகாது. இன்று காலை பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரு மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே முழுக்கப் பால் கவர்கள். எந்த மகராசியோ ஒன்றைக்கூடக் கழுவாமல் திணித்து அனுப்பியிருக்கிறாள். வெயிலில் வெந்து அது கிளப்பிய நாற்றத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "கணக்குல நாத்தம் கிடையாதுடி, அதனாலதான் அதைப் படிச்சேன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வாயே, அந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. நாற்றத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

நீ போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. இல்லாதவளுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவேன். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக்கு நான் ஒரு காரியம் செய்ய வேண்டும், அதற்கு முழுப் பொறுப்பும் நீதான். அதைப் பிறகு சொல்கிறேன். உன்னோடு பாக்கி இருக்கும் சண்டையை முதலில் போட்டுவிடுகிறேன்.

பொன்னேரிப் பெண்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவாய். நான் ஏரிக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவேன், பையில் கருவாட்டு வாசனையோடு. கணக்கில் நீ நூறு வாங்கினால் நான் கைதட்டுவேன், நான் பாஸானால் நீ கைதட்டுவாய். பிறகு நீ படித்துக்கொண்டே போனாய். அதே பொன்னேரியில் கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக வந்து உட்கார்ந்தாய். நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு மருமகளாகப் போனேன். சந்தையில் நான் நண்டு விற்கிற இடத்துக்கு நீ வருவாய். அவ்வளவு படித்தவளுக்குப் பேரம் பேச மட்டும் வராது. "நீ சொல்ற விலையே சரிடி" என்பாய். எனக்குத்தான் மனசு கேட்காமல் இரண்டு நண்டு சேர்த்துப் போடுவேன்.

வலையில் மீனைவிடப் பிளாஸ்டிக் அதிகமாக ஏற ஆரம்பித்தபோது, முதலில் சாக்கைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கியது எங்கள் குப்பத்துப் பெண்கள் குழுதான். தண்ணீர் பாட்டில், ஷாம்பு கவர், அறுந்த நைலான் வலை என்று எல்லாவற்றையும் பொறுக்கினோம். பொறுக்கியதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கடைசியில் ஓர் உதவி அமைப்பு கொட்டகை கட்டிக்கொள்ளப் பணம் தந்தது. ஏரியின் எங்கள் பக்கத்துக் குப்பங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றே மூன்று கொட்டகை. கொட்டகை எந்த ஊரில் வருகிறதோ அந்த ஊர்ப் பெண்கள் சிலருக்குத் தரம் பிரிக்கும் வேலை கிடைக்கும், அன்றாடம் கூலி உண்டு. இது தெரிந்ததும் ஊருக்கு ஊர் முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோனது. கல்யாண வீட்டில்கூடப் பந்தியைத் தனித்தனியாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"யாரும் யாருக்கும் சொல்ல வேணாம், கணக்கு சொல்லட்டும்" என்று உன்னைக் கூட்டிவந்தவள் நான். எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. வேலையை ஆரம்பித்தது நாங்கள், எங்கள் குப்பம் பெரியது, எந்தக் கணக்குப் போட்டாலும் ஒரு கொட்டகை எங்களுக்கு வந்துதான் தீரும். குழுப் பெண்களிடம் அப்படியே வாக்கும் கொடுத்திருந்தேன்.

இந்தக் கணக்குக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "உகப்பாக்கம்" என்றாய். "அது எந்தப் பக்கம்டி, மீஞ்சூர் தாண்டியா?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுக் கோழி மிரண்டு ஓடியது. "ஊர் இல்லடி, இருக்கற வழியிலேயே எது சிறந்ததுன்னு கண்டுபிடிக்கற கணக்கு" என்று சொல்லி, ஒரு சாக்கிலிருந்து பாட்டில் மூடிகளை அள்ளிப் பாயில் பரப்பினாய். ஒவ்வொரு மூடியும் ஒரு வீடு, மூன்று செங்கல் துண்டு மூன்று கொட்டகை. "ஒவ்வொரு வீட்டுக்காரியும் தனக்குக் கிட்ட இருக்கற செங்கல்லுக்கு நடப்பா. எல்லார் நடையையும் கூட்டு. செங்கல்லை மாத்தி மாத்தி வெச்சுப் பாரு. கூட்டுத்தொகை எப்போ ரொம்பக் குறையுதோ, அதான் இடம்." மூன்று செங்கல்லை எத்தனை விதமாகத்தான் மாற்றி வைக்க முடியும் என்று கேட்டேன். "நீ கிழவி ஆகற வரைக்கும் வைக்கலாம். அதுக்குத்தான் கம்ப்யூட்டர்" என்றாய்.

அந்தக் கம்ப்யூட்டர் முதல் தடவை காட்டிய இடம் எது தெரியுமா, மறந்திருக்க மாட்டாய். நட்ட நடு ஏரி. ஊருக்கு ஊர் நேர்கோடு போட்டுத் தூரம் கொடுத்திருந்தாய், அது தண்ணீரையும் தரையாக நினைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியான இடம். மடவை மீனெல்லாம் வந்து தரம் பிரிச்சுக் குடுத்துடும்" என்றார். அதற்குப் பிறகுதான் விடுமுறை நாட்களில் வந்து கரை முழுக்க நடந்தாய். எந்தப் பாதை மழைக்கு மூழ்கும், கோடையில் தண்ணீர் வற்றினால் எந்த இடத்தில் படகு தரை தட்டும், வாடைக் காற்று வீசும் மாதங்களில் படகில் வருவதற்கு எவ்வளவு நேரம் கூடுதலாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினாய். "நடக்கற தூரம் வேற, சுமந்துக்கினு நடக்கற தூரம் வேற" என்று நான் சொன்னதற்கு நீயே ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிப் பார்த்தாய். பாதி வழியில் மூட்டை ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் கிடந்தீர்கள். சந்தைக்குப் போன பெண்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதையெல்லாம் சேர்த்துப் போட்டதும் இடங்கள் வந்தன. மூன்றில் ஒன்று எங்கள் குப்பம். நான் அன்றைக்கே குழுப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். ஐஸ் கிடங்குக்குப் பக்கத்து வெற்றிடத்தில் கொட்டகையின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுவரை அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

நீ மட்டும் இன்னும் ஒரு பாதையை நடந்து பார்க்க வேண்டும் என்றாய். சுண்ணாம்புக்குளம் போகிற பக்கத்துக் கரை. அங்கேதான் உன் கணக்கில் இல்லாத குடிசைகளைப் பார்த்தாய். மேட்டுக்கரை. அங்கே இருப்பவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, பிடிக்கப் பிடிக்க அதில் போடுவார்கள். தண்ணீரில் இருந்த ஒரு பெண்ணிடம் கரையிலிருந்து ஏதோ கேட்டிருக்கிறாய். வாயில் பறி இருந்ததால் அவள் பதில் சொல்லவில்லை. அவள் வேலையை முடித்து மேலே வரும்வரை நீ வெயிலில் நின்றிருக்கிறாய். அவள்தான் கன்னியம்மா. பறியை இறக்கி வைத்துவிட்டு உனக்குக் கையைத்தான் முதலில் காட்டினாளாம். விரலெல்லாம் கிழிசல். "பிளாஸ்டிக்கு வலையில மாட்டுனா உதறிட்டுப் போயிடுவாங்கம்மா. எங்களுக்குக் கையிலதான மாட்டுது." சேற்றிலிருந்து எடுக்கிற பிளாஸ்டிக்கைக் குடிசைக்குப் பின்னால் குவித்து எரிப்பார்களாம். "இன்னா பண்றது? அம்மாந்தூரம் யாரு தூக்கினு போறது? பசங்கதான் பொகையில இருமினே கெடக்குதுங்க" என்றாளாம்.

அந்த ஊர் உன் கணக்கில் எப்படி விட்டுப்போயிற்று என்று உனக்கு விளங்கவே இல்லை. எங்கள் ஏரியில் பிறந்த யாருக்கும் விளங்கும். மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இருப்பதால்தான் இந்த ஏரியில் வெட்டுக்குத்து இல்லாமல் எல்லோரும் சோறு தின்கிறோம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஊர் எத்தனை என்று கேட்டால், சீட்டில் சேர்ந்த ஊர்களை மட்டும்தான் எண்ணுவார்கள். உனக்கு ஊர்ப் பெயர்களைச் சொன்னவர் என் மாமனார், பாடு சங்கத்துக்கு அவர்தான் பெரியவர். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குச் சீட்டு இல்லை, அதனால் மேட்டுக்கரை அவர் விரலில் வரவில்லை.

நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"ஒரு ஊரு விட்டுப்போச்சுடி. மேட்டுக்கரை."

"அது பாடுல இல்லியே."

"பாடுல இல்ல. ஏரியில இருக்கே."

சரி, சேர்த்துக்கொள், யார் வேண்டாம் என்றது என்றேன். சேர்த்தாய். இடம் மாறவில்லை. எனக்கு நிம்மதி, உனக்கு இல்லை. "அவங்க கொஞ்சம் வீடுதான். எவ்வளவு தூரம் நடந்தாலும் கூட்டுத்தொகையில கரைஞ்சு போயிடுது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு கூட்டுவதையே விட்டுவிட்டாய். எல்லோரிலும் அதிகத் தூரம் நடக்கிறவள் யார், அவள் நடையை எவ்வளவு குறைக்கலாம் என்று கேள்வியை மாற்றிப் போட்டாய். அப்படிக் கேட்டதும், மூன்றாவது கொட்டகை எங்கள் குப்பத்தை விட்டு எழுந்து போய் மேட்டுக்கரையில் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உன்னை யாருடி இங்க கூட்டினு வந்தது?" என்றேன். "நீதான்" என்றாய். "அந்த நன்றிகூடவா கிடையாது?" "கணக்குல நன்றியை எங்கடி போடறது?" அதை நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். எனக்கு அப்போது விளையாட்டாகப் படவில்லை. உனக்காக நண்டுக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டாய், நானும் கூப்பிடவில்லை.

இடத்தை முடிவு செய்யும் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. இரண்டு கணக்குக்கும் வரைந்த படங்களை நீ சுவரில் ஒட்டினாய். "இந்தப் படத்துல எல்லாரும் சேர்ந்து நடக்கற தூரம் குறைவு. அதுல, ரொம்பத் தூரத்துல இருக்கறவங்க நடக்கற தூரம் குறைவு. ரெண்டு கணக்கும் சரிதான். எதைக் குறைக்கணும்னு கணக்கு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும்." பேசி முடிக்கும்வரை நீ என் பக்கம் திரும்பவே இல்லை. கன்னியம்மாவும் அவள் ஊர்க்காரர்கள் சிலரும் பின்னால் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை.

ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்கள் குழுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கடைசியில் மாமனார் கையை உயர்த்தினார். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? தகரமும் கம்பியும்தான, கழட்டி மாட்டிக்கலாம். நம்ம வழக்கப்படி பாடு போட்டுடலாம். ஒரு வருசம் இங்க, ஒரு வருசம் அங்க. சீட்டு எடுங்க." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். முழுசாகப் போவதற்குப் பாதியாவது மிஞ்சுமே. உன் முகம்கூட மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதுங்க ஐயா. முறை வெச்சா கணக்கும் அழகா வருது. அப்போ மேட்டுக்கரை பேரையும் ஒரு சீட்டுல எழுதிடலாம்" என்றாய்.

அவ்வளவுதான். சீட்டுக்குக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. ஏன் என்று உனக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. மாமனார்தான் பேசினார். "வேணாம்மா. இன்னிக்குக் குப்பைக்குச் சீட்டு எடுத்தா, நாளைக்கு மீனுக்கு எங்க சீட்டு எங்கன்னு கேப்பாங்க. கொட்டகையை அவங்களே வெச்சிக்கட்டும். பாடு மட்டும் வேணாம்."

மேட்டுக்கரைக்குக் கொட்டகை கிடைத்த கதை இதுதான். நீ ஒட்டிய படத்தைப் பார்த்து யாரும் மனம் இரங்கவில்லை. ஒரு சீட்டில் அவர்கள் பெயரை எழுதுவதைவிடக் கொட்டகையைத் தூக்கிக் கொடுத்துவிடுவது எங்கள் ஆட்களுக்குச் சுலபமாக இருந்தது. நீ திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் இதைச் சொன்னேன். "எப்படியோ, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கு" என்றாய். அந்த "எப்படியோ" உன்னை உறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

நீ செய்தது சரி என்று நான் இன்றைக்கும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் அந்தக் கூலியை நம்பியிருந்தார்கள். இப்போது விடியும் முன்னே ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் போகிற தூரம் உன் எந்தப் படத்திலும் இல்லையே? சென்னை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதும் இதைத்தான் கேட்டேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குச்சி மாதிரி கிடந்தாய். நோயாளியிடம் இப்படிப் பேசலாமா என்று உன் அண்ணி என்னை முறைத்தார். நீதான் அவரைத் தடுத்தாய். "அவ கேக்கறது சரிதான் அண்ணி. அதை நான் கணக்குல சேர்க்கலை. சேர்த்திருந்தா இடம் மாறியிருக்குமானு தெரியலை" என்றாய். பிறகு என்னிடம், "இன்னும் கோவமா?" என்றாய். "ஆமாம்" என்றேன். "சரி, கோவமாவே இரு. வந்துக்கிட்டு மட்டும் இரு." நான் அடுத்த முறை வருவதற்குள் நீ இல்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை.

எங்கள் குப்பத்து மூட்டைகளை இப்போது படகில் ஏற்றி மேட்டுக்கரைக்குத்தான் கொண்டுபோகிறோம். போனால் நானும் கூட உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பேன். இன்று காலை பால் கவர் மூட்டையை அவிழ்த்ததும் அங்கேதான். குடிசைக்குப் பின்னால் இப்போது எரிப்பதில்லை. கன்னியம்மா தரம் பிரிக்கிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை, பிறகு பழகிவிட்டது.

நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் ஓடிய நேரம் பார்த்து அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, நாளைக்கு பாடு சீட்டு எடுக்கறாங்களாமே. எங்களுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லி நீ கேக்கறியா?"

"உங்களுக்கு ஏதுடி வலை?"

"வாங்கிட்டோம்க்கா. கூலி வருதில்ல."

குடிசைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். புது வலை, இன்னும் தண்ணீர் படாதது. பழைய புடவையால் மூடி வைத்திருந்தாள். மாமனார் பயந்தது சரிதான். அவர் கணக்கும் தப்பாகவில்லை.

மேட்டுக்கரைக்குச் சீட்டு எழுதினால் எல்லோருடைய முறையும் தள்ளிப்போகும், எங்களுடையதும்தான். அந்த முறையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. மத்தியானம் வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது சொன்னேன். பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"நைனா எதிர்லயா கேக்கப்போற?"

"ஆமாம்."

"நம்ம முறை தள்ளிப் போவும்."

"தெரியும்."

"கேளு. என்னைப் பேசச் சொல்லாத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் இதற்கு மேல் சம்மதம் கிடைக்காது.

பாடு கூட்டம் கோயில் முன்னால் நடக்கும். பெண்கள் மதிலோரம் நின்று கேட்போம், ஒருத்தியும் இதுவரை வாய் திறந்ததில்லை. நாளைக்கு என்ன பேசுவது என்று மத்தியானத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். உன்னைப்போல் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விலகி நிற்க எனக்கு வராது. என் பக்கம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெரியாமல் இருந்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா? "மேட்டுக்கரைக்கு ஒரு சீட்டு எழுதுங்க மாமா" என்று மட்டும் கேட்கப் போகிறேன். நீ இருந்திருக்கலாம்டி.